என் சமையலறையில் நின்ற பெரட்டு

முனியாண்டி ஐயாவை நம்பி வாழும் சொந்தங்களுக்கு அஞ்சலையின் வணக்கம். நான் சொல்லச் சொல்ல என் மகள் கோமதி போனில் அடிக்கிறாள். நடுவில் அவள் மூக்கை உறிஞ்சினால் அழுகிறாள் என்று நினைக்காதீர்கள். அவளுக்குச் சளி.

எனக்குக் கண் ஒரே நாளில் போகவில்லை. இனிப்பு நீர் வியாதி பல வருஷமாக உள்ளேயிருந்து அரித்தது. முதலில் பஸ் நம்பர் மறைந்தது. பிறகு அரிசியில் கல் மறைந்தது. போன தீபாவளி வந்தபோது, எதிரில் இருப்பது மனிதனா மாவு மூட்டையா என்றுகூடத் தெரியவில்லை. நடுவில் சாம்பல் திரை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். ஈப்போ ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "அச்சச்சோ" என்றார்கள். என் நாத்தனார் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "போன ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சாளோ" என்றாள். கண்ணோடு காதும் போய்விட்டது என்று நினைத்தாள் போல. "போன ஜென்மம் தெரியல நாத்தனாரே, இந்த ஜென்மத்துல உங்க அண்ணனக் கட்டிக்கிட்டேன்" என்றேன். அதற்குப் பிறகு அவள் வரத்து குறைந்தது. கண் போனதை நான் தாங்கிக்கொண்டேன். விரல் வைத்து அரிசிக்குத் தண்ணீர் அளந்தேன். வாசனையில் கொத்துமல்லியையும் கறிவேப்பிலையையும் பிரித்தேன். என் வீட்டில் என் வேலையை நானே செய்தேன்.

என்னால் தாங்க முடியாதது, கண் போன பிறகு தெரிய ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பினேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பின்கதவு வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தலையில் துண்டு, நெற்றியில் விளக்கு, கையில் பால்வாளி. பெற்ற மகள் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண்கள் கட்டியிருந்த கைலியில் ஒவ்வொரு பூவும், ஒவ்வொரு கிழிசலும் பளிச்சென்று தெரிந்தது. முகங்கள் மட்டும் சரியில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். யாரும் பேசவில்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. வரிசையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு காலி இடம் இருந்தது.

அது பெரட்டு. இளையவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். ரப்பர் தோட்டத்தில் விடியும் முன்னே வேலைக்காரர்கள் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று சொன்னவர்களுக்குத்தான் அன்றைக்கு வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தோட்டத்தை மூடி எங்களை ஈப்போவுக்கு அனுப்பும் வரை நான் அப்படித்தான் நின்றேன். என்னோடு நின்றவர்கள் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

அவர்கள்தான் வந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். காலி இடம் எனக்கு. பேர் கூப்பிடுவார்கள், நான் "இருக்கேன்" என்றால் போக வேண்டியதுதான். செத்தவர்கள் கூப்பிட்டால் வாய் திறக்கக் கூடாது என்பது தோட்டத்து லயத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதனால் சமையலறையில் யார் என் பேரைக் கூப்பிட்டாலும் பதில் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன்.

படையலும் போட்டேன். வெற்றிலை, சுருட்டு, ஒரு கிளாஸ் ஸ்டவுட் பீர். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எறும்புதான் வந்தது. கோமதி மோப்பம் பிடித்துவிட்டு, "அம்மா, நீ சுருட்டு குடிக்கிறியா?" என்று கேட்டாள். கொசு விரட்ட என்று சொல்லிச் சமாளித்தேன்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஈப்போவில் ஒருவருக்குத் தஞ்சோங் ரம்புத்தான் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், பைத்திய ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். குருடி என்று சொல்லட்டும், பரவாயில்லை. பைத்தியம் என்று சொல்லிவிட்டால் என் அடுப்பை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள். என் வீட்டிலேயே நான் விருந்தாளியாகிவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது. பெரட்டு நின்றுகொண்டிருந்தது. நான் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அஞ்சலை!" என்று ஒரு குரல் வந்தது. ஆண் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கடைசியில் முனகலாகிவிட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டு ஐயா பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கோமதி வேலை முடிந்து வந்து போட்ட கூச்சலில்தான் விஷயம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார்.

இடுப்பு எலும்பில் கீறல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "உன் பேரத்தானே கூப்பிட்டேன், அஞ்சலை" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். திட்டவில்லையே!

அவர் கைத்தடி ஊன்றி நடக்க ஆரம்பித்த சமயம், ஆயர் தாவார் பக்கம் எங்கள் பழைய தோட்டத்தில் ஐயாவுக்கு வருஷப் பூசை வந்தது. இப்போது அங்கே ஒரு பால்மரம்கூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஐயாவின் மேடையும் மரமும் மட்டும் மிச்சம். கோமதி கார் ஓட்டினாள். செம்பனைக்குள் நுழைந்ததும் பாதையின் இரண்டு பக்கமும் பெரட்டு நின்றது. என்னை எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்றே நினைத்தேன். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு போனேன்.

மேடையில் நெற்றி வைத்து வேண்டினேன். "ஐயா, நான் கண்ணக் கேக்க வரல. இவங்கள விரட்டச் சொல்லியும் கேக்கல. இத நானா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், வாய் வராது. யாராவது ஒருத்தர் என்னக் கேக்கட்டும். கேட்டா சொல்லிடுறேன்." அவ்வளவுதான் கேட்டேன்.

பூசை முடிந்து சாப்பாட்டுக்கு நடந்தோம். கோமதி அவருக்கு நாற்காலி எடுக்கப் போனாள். நான் என் கைத்தடியால் தட்டித் தட்டிப் போனேன். எதிரே வரிசை அடைத்துக்கொண்டு நின்றது. பழக்கத்தில், "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லி ஒதுங்கினேன்.

பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. "யக்கா, யாரத் தள்ளச் சொல்றீங்க? அங்க யாரும் இல்லியே?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. "உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"எனக்கும் கண்ணு இல்லக்கா. ஆள் நின்னா வேர்வை வாடை வரும், காலு தேய்க்கும். அங்கேருந்து காத்து நேரா மூஞ்சிலல்ல அடிக்குது." குரலை இறக்கிக் கேட்டார். "ஆளுங்க தெரியுறாங்களா?"

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

அவர் பேர் பக்கிரி. கோப்பெங்கில் லாரி ஓட்டியவர், சொந்தக்காரர்களோடு பூசைக்கு வந்தவர். "உங்களுக்காவது தெரிஞ்ச ஆளுங்க. எங்க வீட்டு ஹால்ல குதிரைக்கா! தொப்பி போட்ட குட்டி ஆளுங்க கட்டிலுக்கு அடியில போவாங்க. மந்திரவாதிய நம்பிக் கோழி அறுத்தேன். கோழி போச்சு, குதிரை போகல. அப்புறம் கண்ணு டாக்டரு சொன்னாரு, கண்ணு படம் அனுப்பலன்னா மூளை சும்மா இருக்காது, தானா படம் போட்டுக்குமாம். பைத்தியம் இல்லக்கா. பயப்படாதீங்கலா."

திரும்பும்போது காரில் சொன்னேன். கோமதி வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டாள். என் வீட்டுக்காரர், "ஏன்டி, செத்தவன் குரல் மாதிரியா இருக்கு என் குரல்?" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரைக்கும் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டோம். பக்கிரி சொன்னதையேதான் டாக்டரம்மாவும் சொன்னார். பார்வை போன பலருக்கு இப்படி வருமாம், பயந்துகொண்டு மறைத்துவிடுகிறார்களாம். என் அடுப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அப்படியானால் இதில் ஐயா எங்கே வந்தார், எல்லாம் மூளை செய்த வேலைதானே என்று கேட்பீர்கள். என் நாத்தனார் கேட்டுவிட்டாள். நான் ஐயாவிடம் வேண்டியது ஒரு கேள்வியை. சாப்பாட்டுத் தட்டு என் கைக்கு வருவதற்குள் அந்தக் கேள்வி வந்தது. கண் உள்ள கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கண் இல்லாதவரைத்தான் ஐயா எழுப்பிக் கேட்க வைத்தார். இதற்கு மேல் எனக்கு அத்தாட்சி வேண்டாம். உங்கள் நெஞ்சிலும் வெளியே சொல்ல முடியாதது ஏதாவது நின்றுகொண்டிருந்தால், ஐயாவிடம் போய் அதையே சொல்லுங்கள். கேட்க ஆள் அனுப்புவார். அனுப்பினால் மறைக்காதீர்கள்.

பெரட்டு இன்னும் வருகிறது. முன்போல அடிக்கடி இல்லை. நேற்று மத்தியானம் வந்தது. அதே கைலி, அதே கண்ணில்லாத முகம், நடுவில் அதே காலி இடம். டாக்டரம்மா சொன்னது நினைவில் இருந்தாலும் முதுகு சில்லிடத்தான் செய்தது. அப்போது குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"அஞ்சலை! துண்ட மறந்துட்டேன்!"

"இருக்கேன்! வாரேன்!" என்று வீடே அதிரக் கத்தினேன். அந்தக் காலி இடத்தின் வழியாகவே நடந்து போய் அவருக்குத் துண்டைக் கொடுத்தேன்.