மதில் இல்லாத கோட்டை

சுற்றுலா வான் ஓட்டுவது லேசு. ஏறியவர்கள் மனதில் கட்டிக்கொண்டு வந்த இடத்தை அவர்களுக்குக் காட்டுவதுதான் பெரும்பாடு. இந்தத் தொழிலில் தொண்டை கெட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு வெள்ளைக்காரரின் சின்ன வானுக்கு ஓட்டுநரும் வழிகாட்டியும் நானே. ஆறு மாதம் சோதனைக் காலம். அதைத் தாண்டினால் நிரந்தர வேலைக் கடிதம். அந்தக் கடிதம் இருந்தால்தான் கொழும்பில் லொட்ஜ் அறையில் காத்திருந்த என் மனைவி சுகந்திக்கு விசா. பயணிகள் எழுதிப் போடும் கருத்து அட்டைகளைப் பார்த்துத்தான் முதலாளி முடிவு செய்வார். தமிழர்களையும் பிடிக்கலாமே என்று அவர் சொல்ல, ஒன் ட்ரீ ஹில்லுக்குத் தமிழில் ஒரு நோட்டீஸ் எழுதினேன். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அரண் அமைத்து வாழ்ந்த மலை அது. ‘மலைக்கோட்டை’ என்று கொட்டை எழுத்தில் போட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது அப்படித்தான்.

புல்லும் ஆடும்

புறநகரான பாபடோயிட்டோயில் மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற என்ஜினியர் ஒருவர் ஏறினார். திருச்சிக்காரர். மலைச்சரிவில் படிப்படியாக இருந்த மேடுகளைக் காட்டினேன். கையால் வெட்டியவை, ஓரத்தில் மரவேலி நின்றது, அந்தப் பள்ளங்களில் கிழங்கு சேமித்தார்கள் என்றேன். மரம் உக்கிப் போயிற்று, மண்தான் மிச்சம் என்றும் சொன்னேன். மேட்டில் செம்மறி ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் மதிலைத் தேடி மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு மூச்சு வாங்க வந்தார்.

எனக்கும் கோட்டை தெரியாதா என்ன? என் வீடு யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம். உள்ளே இருந்து ராணுவம் அடித்த பீரங்கிச் செல்லில் கூரை போய்த்தான் ஊரை விட்டேன். அதை அவரிடம் சொல்ல அலுப்பாக இருந்தது. அவர் கருத்து அட்டையில் தமிழில் நிறைய எழுதி, மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டுச் சொன்னார்: “ஏம்ப்பா, கோட்டைன்னு கூட்டிட்டு வந்து ஆட்டைக் காட்டுற. எங்க ஊரு மலைக்கோட்டையில உச்சியில பிள்ளையாராவது இருக்காரு.”

சுடுதண்ணீர்

மலேசியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஏழு பேர். உச்சியில் ஒற்றைப் பைன் மரம். அதையும் யாரோ மரம் அறுக்கும் வாளால் அறுத்துக் காயப்படுத்தியிருந்ததால் கம்பி கட்டி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் உயரமான கல்தூண். அதன் முன்னால் அவர்கள் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இந்த மலைப் பூங்காவை நகரத்துக்குத் தானமாகக் கொடுத்த பெரியவரின் சமாதி அங்கேதான், நீங்கள் நிற்கும் இடத்திலேயே என்றேன்.

மூத்த அம்மா கட்டுச்சோற்றை மூடிவிட்டார். சமாதிக்குப் போனால் தலை முழுகாமல் வாயில் சோறு வைக்கமாட்டார்களாம். வேறு வழியில்லாமல் ஒனிஹங்காவில் என் ஒற்றை அறை வீட்டுக்கு வானை விட்டேன். ஏழு பேரும் வரிசையில் நின்று குளித்தார்கள். மூத்தவர் அவசரமில்லாமல் குளிக்கட்டும் என்று கடைசியாக விட்டது தப்பாகப் போயிற்று. தலையைத் துவட்டிக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: “சுடுதண்ணி முடிஞ்சி போச்சி, தம்பி. பரவால்ல லா, கார்டுல அத எழுத மாட்டேன்.”

பச்சைப் பொய்

சோதனைக் காலத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, முதலாளி ஒரே ஒரு அட்டையை என் முன்னால் வைத்தார். திருச்சிக்காரர் எழுதியது. மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் படித்துவிட்டேன், இதை மட்டும் நீ படித்துச் சொல் என்றார். ‘கோட்டை என்று சொல்லி அழைத்துப் போனது சுத்த மோசடி. இந்த ஆளை நம்பி யாரும் வரவேண்டாம்’ என்று தொடங்கிப் பக்கம் நிறைய இருந்தது. வேலைக் கடிதம் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. லொட்ஜ் அறையில் சுகந்தி இருப்பது கண்ணுக்குள் வந்தது. “இடம் நல்ல பச்சைப்பசேலென்று இருந்ததாம்” என்றேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. முதலாளி கையெழுத்தைப் போட்டபடியே கேட்டார்: “அதைச் சொல்ல உங்கள் மொழியில் ஒரு பக்கம் வேண்டுமா?”

கடைசி சீட்டில்

சுகந்தி வந்த வாரமே, வானில் காலியாக இருந்த கடைசி சீட்டில் அவளை ஏற்றி மலைக்குக் கொண்டுபோனேன். கோட்டையில் வேலை என்று கடிதங்களில் அளந்திருந்தேனே, அவளும் மதிலைத்தான் தேடுவாள். மேடு, பள்ளம், வேலி நின்ற இடம் என்று மனப்பாடத்தை ஒப்பித்தேன். அவளோ சரிவில் பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து சறுக்கி விளையாடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “மதில் இல்லை, என்ன?” என்று நானே கேட்டுவிட்டேன். அவள் திரும்பாமலே சொன்னாள்: “இல்லாட்டி நல்லதுதானேப்பா. உள்ளுக்க இருந்து ஒருத்தரும் செல் அடிக்கமாட்டினம்.”

அட்டை நிரப்பாத ஒரே பயணி அவள்தான். அதற்குப் பிறகு மதில் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்னதையே என் சரக்காக விற்றுக் காலத்தை ஓட்டினேன்.