தீவில் நாங்கள் தோண்டிய குழி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருச்செங்கோடு பஸ் நிலையத்தில் லாரி ட்யூபைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற ஒரே ஆள் நான்தான். கையில் காற்றடிக்கும் பம்பு வேறு. நான் டயர் கடை வைத்திருப்பவன். தீவுக்குப் போகிறோம் என்று முடிவானதும் எனக்குத் தோன்றிய ஒரே முன்னேற்பாடு அதுதான். நீச்சல் தெரியாதவன் என்று நினைக்க வேண்டாம். நன்றாகத் தெரியும், கிணற்றில். கிணற்றுக்கு நாலு பக்கமும் சுவர் இருக்கிறது. பயம் வந்தால் படியைப் பிடித்துக்கொள்ளலாம். கடலில் எதைப் பிடிப்பது?

"ஏனுங்க, வழியில பஞ்சர் ஒட்டற உத்தேசமுங்களா?" என்றார் கண்டக்டர்.

"பஸ்ஸுக்கில்லீங்க, எனக்குத்தானுங்க" என்றேன்.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். அர்த்தநாரி, பாறையில் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கும் ரிக் லாரிக்குச் சொந்தக்காரன். குப்புசாமி, ஊருக்குக் கிழக்கே ஆறு ஏக்கர் தோட்டம் வைத்திருப்பவன். பள்ளிக்கூடத்தில் மூன்று பேரும் ஒரே பெஞ்சு. வாத்தியார் ஒருவனை அடித்தால் மற்ற இருவருக்கும் சேர்த்தே விழும்.

இது எண்பத்து மூன்றாம் வருஷக் கதை. மழை எங்கள் பக்கம் வருவதையே மறந்திருந்த சமயம். குப்புசாமியின் கிணற்றில் ஆடு இறங்கி மேய்ந்துகொண்டிருந்தது. அர்த்தநாரி அவன் தோட்டத்தில் நாலு இடத்தில் துளை போட்டான், டீசல் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு. நாலிலும் கடைசியில் வெள்ளைப் புழுதிதான் பறந்தது. திங்கட்கிழமை ஐந்தாவது போடலாம் என்றான். டீசலுக்கும் துளைக்குள் பதிக்கும் இரும்புக் குழாய்க்கும் கிழக்கு மூலையில் இரண்டு ஏக்கரை விற்றாக வேண்டும். போடாவிட்டால் தோட்டம் முழுக்கத் தரிசு. குப்புசாமி தறிப் பட்டறைக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"கல்லையே பாத்து இவனுக்குக் கண்ணு பூத்துப்போச்சு. ரெண்டு நாள் தண்ணியப் பாத்துட்டு வரட்டும்" என்று பயணத்தைக் கிளப்பியவன் அர்த்தநாரிதான். ராமநாதபுரம் பக்கம் துளை போடப் போனபோது மண்டபத்தில் ஒரு படகுக்காரரைப் பழக்கம் பிடித்து வைத்திருந்தான்.

நாமக்கல்லில் மதுரை பஸ்ஸைப் பிடித்தோம். ஆளுக்குப் பதின்மூன்று ரூபாய் சொச்சம். மதுரையில் இன்னொரு பஸ் மாறி, சனிக்கிழமை விடிந்தபோது இருபுறமும் பனைமரமும் உப்புக்காற்றுமாக மண்டபம் வந்துவிட்டது. இட்லி முப்பது பைசா. சட்னியில் தேங்காய் தாராளம். குப்புசாமி இட்லியைத் தொடாமல் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்தான். "ஒரம்பர ஊட்டு விருந்துக்கு வந்தாப்பல குடிக்கறான் பாரு" என்று அர்த்தநாரி சிரித்தான். குப்புசாமியும் கொஞ்சம் சிரித்தான். அந்தப் பயணத்தில் அவன் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

படகுக்காரர் பேர் அந்தோணி. போகவர ஐம்பது ரூபாய். காலையில் விட்டுவிட்டு மூன்று மணிக்கு வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. கரையிலேயே ட்யூபுக்குக் காற்றடித்து அதற்குள் நுழைந்துகொண்டுதான் படகில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, இன்னைக்குக் காத்தே இல்லை" என்றார் அந்தோணி.

"எங்கிட்ட இருக்குதுங்க" என்று ட்யூபைத் தட்டிக் காட்டினேன்.

பேச்சுத்தான் அப்படி. படகு ஒரு பக்கம் சாய்ந்ததும் மலை மேலிருக்கும் சாமிக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். ஏற்கெனவே பாதித் தலை வழுக்கை; சாமிக்கு நஷ்டக் கணக்குத்தான். கண்ணைத் திறந்து பார்த்த நேரங்களில் கடல் அழகாகவே இருந்தது. கரையோரம் மோர் நிறம், அப்புறம் பச்சை, அதற்கப்பால் அடர்ந்த நீலம். படகுக்கு அடியில் பாசியும் பவளமும் அசைவது கண்ணாடிக்குள் பார்த்தது போலத் தெரிந்தது. குப்புசாமி படகின் விளிம்பில் கையைத் தண்ணீருக்குள் விட்டபடியே வந்தான். "இத்தனையும் ஒருத்தனுக்கும் ஆவாது" என்றான், யாரிடமும் அல்ல.

முக்கால் மணி நேரத்தில் தீவு. வெள்ளை மணல், தாழம்புதர், சில பனை, ஒரு கோணல் புளியமரம், ஏகப்பட்ட நண்டு. ஒரு சுற்றுச் சுற்றினால் அரை மணிக்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். இறங்கும் இடத்தில்தான் என் வீரம் வெளிப்பட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் கால் பட்டதும் தரை இல்லை என்று அலறி, ட்யூபை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன். அதில் ஒரு கையில்தான் எங்கள் குடிதண்ணீர்க் கேன் இருந்தது. கேன் விழுந்து மூடி கழன்று, கடல் அதற்குள் புகுந்துகொண்டது. பிறகு எழுந்து நின்று பார்த்தேன். தண்ணீர் என் தொப்புளுக்குக் கீழே.

"உன்னக் கூட்டியாந்ததுக்கு உன் கடை டயரக் கூட்டியாந்திருக்கலாம்" என்றான் அர்த்தநாரி. படகு அதற்குள் தூரம் போய்விட்டது.

மத்தியானம் வரை கிண்டலிலேயே ஓட்டினோம். புளிச்சோறு கட்டி வந்திருந்தோம். அதைத் தின்றதுதான் தப்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்று மணிக்குப் படகு இல்லை. காற்று எழும்பி அலை நுரைத்தது. படகு நாளைக்கு வரும், நாளைக்கழித்து வரும், வரவே வராது என்று நானே ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன். மனைவிக்குக் கடைச் சாவி எங்கே இருக்கிறதென்று தெரியாதே என்று அழுகை வந்தது.

குப்புசாமி மட்டும் எழுந்து போய், புளியமரத்துக்குப் பக்கத்தில் மணலை முகர்ந்து பார்த்தான். கரையொதுங்கிய ஒரு பலகைத் துண்டால் தோண்ட ஆரம்பித்தான். முழங்கை ஆழம் போவதற்குள் மணல் கறுத்தது. இன்னும் கொஞ்சம். குழியின் அடியில் தண்ணீர் ஊறி நின்றது. உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்தான்.

"நல்ல தண்ணி" என்றான்.

ஆளுக்கு இரண்டு கை குடித்தோம். என் ஆயுசில் அப்படி ஒரு ருசி கண்டதில்லை.

"சித்த நேரம் உட்டா மறுபடி ஊறும். கையக் கால வெக்காதீங்க" என்றான் குப்புசாமி.

அர்த்தநாரிக்குக் கை துறுதுறுத்தது. "இது மேல் கசிவப்பா. அடியில ஊத்துக்கண் இருக்குது. இன்னும் ரெண்டடி போனா குபுகுபுன்னு வரும்."

"வேண்டாம். இது போதும்."

"நாளைக்கும் படகு வரலீன்னா?" என்று நான் புகுந்தேன். "மூணு பேருக்கு இது எங்க பத்தும்? தோண்டு அர்த்தநாரி!"

இரண்டு பேருமாகச் சேர்ந்து தோண்டினோம், மார்பளவுக்கு. தண்ணீர் வரத்தான் செய்தது, நிறையவே. அர்த்தநாரி முதல் வாயைத் துப்பினான். உப்பு. கடலுக்கு ஒரு துளியும் குறையாத உப்பு. அடியிலிருந்து ஏறிய உப்பு மேலே ஊறிய நல்ல தண்ணீரையும் கெடுத்துவிட்டது. குழியின் ஓரமும் சரிந்து விழுந்தது. பக்கத்தில் வேறு இடம் பார்க்க எங்களிடம் தெம்பு இல்லை.

குப்புசாமி கத்தவில்லை. மரத்தடியில் போய் உட்கார்ந்தான்.

"ரெண்டாவது குழி ஞாபகம் இருக்குதா அர்த்தநாரி? நூத்தி எம்பதடியில புழுதி சேறா வந்துச்சு. ஈரம் கண்டிருச்சு, போதும்னேன். நீதான் இன்னும் ரெண்டு ராடு எறக்குனா ஆறே ஓடும்னே."

ராடு என்பது துளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் நீள இரும்புக் குழாய்.

"எறக்குனேன். அடியில வெடிப்பு இருந்துச்சு, மேல இருந்த ஈரமும் அதுக்குள்ள போயிருச்சு. அது எம்பட கையிலயா இருக்குது?" என்றான் அர்த்தநாரி.

"நிறுத்தறது உங்கையில இருந்துச்சு."

எனக்கு நாலைந்து வேடிக்கைப் பேச்சு வாய்வரை வந்தது. தொண்டை வறண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

பொழுது சாயும் நேரத்தில் படகு வந்தது. "காத்து மாறிருச்சுண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்று அந்தோணி மண்பானையைச் சாய்த்தார். நான் குடித்தேன், அர்த்தநாரி குடித்தான். குப்புசாமி கடைசியாகக் குடித்துவிட்டு, டம்ளரின் அடியில் நின்ற வாயளவுத் தண்ணீரைக் கீழே கொட்டாமல் பானையிலேயே ஊற்றினான். திரும்பும்போது எனக்கு ட்யூப் நினைவே வரவில்லை. அது தீவிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் குப்புசாமி எங்கள் இருவருக்கும் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். திண்டுக்கல் தாண்டியதும் திரும்பாமலே சொன்னான்: "நாளைக்கு வண்டிய அனுப்பு. நான் நிறுத்துன்னா நிறுத்தோணும்."

அர்த்தநாரி "சரி" என்றான். கரூர் தாண்டிக் காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியது. கீழே மணல்தான். மூன்று பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

திங்கட்கிழமை நான் கடையைச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். காலையிலிருந்து வெள்ளைப் புழுதி பறந்து கருவேல மரமெல்லாம் மாவு பூசிக்கொண்டது. மதியத்துக்கு மேல் புழுதி அடங்கி, சேறாகி, விரல் தடிமனில் தண்ணீர் எட்டிப்பார்த்தது.

அர்த்தநாரி துள்ளினான். "பட்டிருச்சு! இன்னும் ரெண்டு ராடு, குப்பு! ரெண்டே ரெண்டு!"

"நிறுத்து."

"ஏப்பா, இது மாட்டுத் தொட்டிக்குத்தான் பத்தும். வெள்ளாமைக்கு ஆவாது. அடியில..."

"நிறுத்துன்னா நிறுத்து அர்த்தநாரி."

எஞ்சின் நின்றதும் காது அடைத்துக்கொண்டது. குப்புசாமி அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்தான். இரண்டு ஏக்கர் போய்விட்டது. மிச்ச நாலு ஏக்கருக்கு இது காணாது என்பது மூவருக்கும் தெரியும். மாட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து அவனே தண்ணீர் காட்டினான். மாடு தலை நிமிராமல் குடித்தது.

அர்த்தநாரி சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அந்த இடத்தில் அடியில் ஆறு ஓடுகிறது என்று இன்றைக்கும் டீக்கடையில் சத்தியம் செய்கிறான். ஓடினாலும் ஓடும். குப்புசாமி காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் தறிக்குப் போகிறான்.

தீவு எப்படி இருந்தது என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், ட்யூபைக் கட்டிக்கொண்டு தொப்புள் ஆழத்தில் நான் முழுகிப்போன கதையை மட்டும் சொல்வேன், தோண்டு என்று நான் கத்தியதைச் சொல்ல மாட்டேன். லாரிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தறி விட்டுப் போகும் குப்புசாமி அந்தப் பக்கம் வந்துவிட்டால், பாதியில் நிறுத்திவிட்டுப் பஞ்சர் ஒட்டப் போய்விடுவேன்.