ஐஸ் வேர்க்கும் வரை

ஐஸ்காரருக்குப் பிடிக்காத ஒரே விஷயம் உருகுவது. அவர் இறக்கிய பெட்டியில் ஒரு குச்சி ஐஸ்கூட வளைந்து போனதில்லை என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அவரும் சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். வெயில் ஏறினால் மற்றவர்கள் தண்ணீரைத் தேடுவார்கள், அவர் பெட்டியின் மூடியை அழுத்தி அழுத்திப் பார்ப்பார்.

புதிதாக ஒரு தொற்றுக் காய்ச்சல் ஊருக்குள் நுழைந்ததும் ஐஸ்கிரீம் வியாபாரம் படுத்துவிட்டது. தடுப்பூசி வந்து இறங்கியபோது அதைக் கொண்டுபோகச் சுகாதாரத் துறையிடம் போதுமான வண்டிகள் இல்லை. குளிர்ப்பெட்டி உள்ள வண்டியின் ஓட்டுநர்கள், பயிற்சி எடுத்துக்கொண்டு தடுப்பூசியைக் கையாளலாம் என்று அவசர உத்தரவு போட்டார்கள். மீன் வண்டிக்காரர் போனார், பால் வண்டிக்காரர் போனார், இவரும் போனார். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபோது பெருமையாகத்தான் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அது பயமாக மாறிவிட்டது. ஐஸ்கிரீம் கெட்டால் குழந்தை அழும். இது கெட்டால்?

பயிற்சி கொடுத்த நர்ஸ் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"சூடும் ஆகாது, உறையவும் கூடாது. உறைஞ்சு போன மருந்தும் வெறும் தண்ணியும் ஒண்ணுதான். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டிக்குள்ள வைக்காதீங்க. வெளியில வெச்சு வேர்க்க விடுங்க. காதுகிட்ட ஆட்டினா உள்ள தண்ணி சத்தம் கேக்கணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஐஸ்காரரும் ஆட்டினார். ஆனால் ஐஸை வேண்டுமென்றே உருகவிடுவதா? தலை ஒப்புக்கொண்டதை அவர் கை ஒப்புக்கொள்ளவில்லை.

அக்கா அவரோடுதான் இருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. காய்ச்சல் வார்டுப் போர்வைகளை அள்ள ஊசி போட்டவர்களைத்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லி, அவளையும் மற்றவர்களையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"சீக்கிரம் கொண்டாந்து சேருடா. வீட்ல உக்காந்து உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு" என்றாள்.

முதல் நாளே வெயில் கொளுத்தியது. பாலத்தில் வண்டிகள் வரிசையாக நிற்பதாகச் செய்தி வேறு. மருந்துக் கிடங்கின் மேசையில் ஐஸ் பேக்குகளைப் பரப்பிவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அவை வேர்க்கவில்லை, இவர்தான் வேர்த்துக் கொட்டினார். மருந்து வழியிலேயே வெந்துவிடும் என்று மனசு அடித்துக்கொண்டது. கல்லாக இருந்தவற்றை அப்படியே எடுத்து, குப்பிகளைச் சுற்றி நெருக்கி அடுக்கினார். இடுக்கில் இன்னும் இரண்டைச் செருகினார். பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஊசி முகாம் நடந்த பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஓரத்துக் குப்பி ஒன்று ஐஸ் பேக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தார். உள்ளே சின்னதாக ஒரு பனிச்சில்லு. உள்ளங்கைச் சூட்டில் அவர் கண்ணெதிரே அது கரைந்து காணாமல் போனது. இப்போது அந்தக் குப்பியும் மற்றக் குப்பிகளைப் போலவே இருந்தது. அதற்குள் என்ன நடந்தது என்பது இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பட்டென்று மூடியைப் போட்டார்.

கூடத்தில் வரிசை நீண்டிருந்தது. முதல் ஆளாக அக்கா, கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தயாராக நின்றாள். தம்பியைப் பார்த்ததும் பின்னால் நின்றவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நர்ஸ் பெட்டியை வாங்கக் கை நீட்டினாள். அவர் பிடியை விடவில்லை.

"என்னண்ணே, குடுங்க."

"போடாதீங்கம்மா." பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உறைஞ்சிடுச்சு."

"எத்தனை குப்பி?"

"ஒண்ணுல பாத்தேன். மத்ததப் பாக்கல. பயந்து மூடிட்டேன்."

நர்ஸ் கண்ணை மூடித் திறந்தாள். எது நல்லது எது கெட்டது என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது. பெட்டி முழுவதும் ஒதுக்கி வைக்கப்பட்டது. ஐஸ் வண்டிக்காரனிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று வரிசை கத்தியது. ஊர் வாயை விடுங்கள், அவர்கள் பயம் அவர்களுக்கு. அக்கா வரிசையை விட்டு விலகினாள். மடித்த சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்தபிறகு கேட்டாள்.

"சொல்லாம விட்டிருந்தா யாருக்குடா தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுக்கா. ஊசி போட்டாச்சுன்னு நீ வார்டுக்குள்ள போயிருப்ப."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு பாத்திரம் கைதவறி விழும் சத்தம் கேட்டது.

நர்ஸ் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள், ஆனால் அட்டையைப் பறிக்கவில்லை. வேறு வண்டி இல்லை. அடுத்த பெட்டி வந்த அன்று அக்காவும் கிடங்குக்கு வந்தாள். ஐஸ் பேக்குகள் மேசையில் வேர்த்துக் கிடந்தன. ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினார். தண்ணீர் சத்தம் கேட்டதா இல்லையா என்று அவருக்கே நிச்சயமில்லை.

"அக்கா, நீ கேளு."

அவள் வாங்கி நிதானமாக ஆட்டினாள். "கேக்குதுடா."

"நல்லாக் கேளுக்கா."

"கேக்குதுங்கறேன்ல."

ஒவ்வொன்றையும் அவளிடம் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் கேட்டார். அன்று அக்காவுக்கு ஊசி போட்டபோது வெளியே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரங்கள் கழித்து அவளை வார்டுக்கு வரச் சொன்னார்கள். ஐஸ் வண்டியிலேயே கொண்டுபோய் ஆஸ்பத்திரியின் பின்வாசலில் விட்டார். அவள் முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு இறங்கினாள்.

"அக்கா, அன்னிக்கு அந்தத் தண்ணி சத்தம் நெஜமாவே கேட்டுச்சா?"

"கேட்டுச்சுடா. உன் பல்லு அடிச்சுக்கிட்ட சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு."

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. அடுத்த பெட்டிக்கான ஐஸ் பேக்குகள் பக்கத்து இருக்கையில் வேர்த்துக்கொண்டிருந்தன. ஐஸ்காரர் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினார். தண்ணீர் சத்தம் கேட்டது. மூடிய கதவைப் பார்த்தபடி மறுபடியும் ஆட்டினார்.