முறுக்காத ஐந்து நட்டுகள்

அப்போதெல்லாம் எனக்கு மூக்கின் மேல் கோபம். மைசூரில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஹனூர்ப் பக்கம் டிராக்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவனை நம்பி, ஓய்வு பெற்ற ஒரு டாக்டர் தன் அப்பா காலத்துக் காரை விட்டுப் போனார். தசரா முடிந்த மறுநாள் ஒரு மைதானத்தில் பழைய கார்களும் வெளிநாட்டு வேகக் கார்களும் கூடுகின்றன, டிக்கெட் பணம் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்குப் போகிறது என்றார். அந்தப் பிள்ளைகளில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு அவரே சாமுண்டி மலைக்குப் போய்த் திரும்புவதாக ஏற்பாடு. நாலு மாதம் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினேன்.

ஆயுத பூஜை அன்று பின்பக்க இடது சக்கரத்தின் பிரேக் மட்டும் பாக்கி. அதை முடித்துச் சக்கரத்தை மாட்டினேன். வண்டி ஜாக்கியில் நிற்கும்போது நட்டுகளைக் கையால்தான் திருகி வைப்போம். இறக்கித் தரையில் ஊன்றிய பிறகுதான் ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டும். ஜாக்கியை இறக்கிவிட்டு நிமிர்கிறேன், என் மனைவி ஸ்பேனரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நல்ல நேரம் முடியப்போகிறதாம். கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மற்றச் சாமான்களோடு சாமி படத்தின் முன் அடுக்கினாள். பூஜையில் வைத்ததை அன்றைக்கு யாரும் தொட மாட்டோம்.

நான் என்ன செய்தேன்? பூஜைக்கு வண்டி மூளியாக நிற்கக் கூடாதென்று, அந்தச் சக்கரத்தின் பளபள மூடியையும் தட்டிப் பொருத்தினேன். உள்ளே இருக்கும் ஐந்து நட்டும் அதோடு கண்ணுக்கு மறைந்தது, புத்திக்கும் மறைந்தது. டாக்டர் வந்தார். நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்கு வண்டியை மெல்ல ஓட்டிப் போனார். மறுநாள் விஜயதசமி. ஊரே ஊர்வலம் பார்க்கப் போனது, நாங்களும் போனோம். ஷெட்டைத் திறக்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் என் மனைவி வாடிய பூக்களை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஸ்பேனரைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, இத நான் வாங்கறப்ப அந்தச் சக்கரத்த முறுக்கிட்டீங்களா?"

என் வேலையில் என்னையே கேள்வி கேட்கிறாயா என்று பாயத்தான் வாயைத் திறந்தேன். முறுக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டாக்டர் பிள்ளைகளோடு மலைக்குக் கிளம்புகிற நாள் அன்றைக்குத்தான்.

மைதானத்துக்கு மொபெட்டில் பறந்தோம். பின்னால் அவள் ஸ்பேனரைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வந்து பிடுங்காவிட்டால் இதெல்லாம் நடந்திருக்குமா என்று வழியெல்லாம் மனசுக்குள் அவளைத் திட்டினேன். வெட்கக்கேடுதான், இருந்தாலும் திட்டினேன். வாசலில் காவலாள் டிக்கெட் கேட்டான். காரைப் பார்க்க ஜென்மத்தில் முதல்முறையாகக் காசு கொடுத்து உள்ளே போனேன்.

மைதானத்தில் நல்ல கூட்டம். பெங்களூரிலிருந்து வந்த ஒரு சிவப்புக் கார், வயிறு தரையில் உரசுகிற அளவுக்குத் தாழ்வாக, ஒரு சின்ன மேட்டைத் தாண்ட முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றித்தான் ஜனம். எங்கள் வண்டி அந்தப் பக்கம் வெளி வாசலை நோக்கி நகரத் தொடங்கிவிட்டது. பின்சீட்டில் மூன்று பிள்ளைகள் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கத்தினேன். டாக்டருக்கு எஞ்சின் சத்தம், பிள்ளைகளுக்குக் கேட்காது. அதற்குள் என் மனைவி தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஓடி, வண்டிக்கு நேர் முன்னால் ஸ்பேனரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

வண்டி நின்றது. சக்கர மூடியைக் கழற்றினேன். ஒரு நட்டு கழன்று மூடிக்குள்ளேயே கிடந்தது. மற்ற நாலும் விரலாலேயே சுற்றின. அப்படியே மண்டியிட்டு ஐந்தையும் முறுக்கினேன். மற்ற மூன்று சக்கரங்களையும் திறந்து பார்த்தேன்.

"ஏன்ப்பா, என்ன ஆச்சு?" என்று டாக்டர் இறங்கி வந்து கன்னடத்தில் கேட்டார். சும்மா ஒரு தடவை பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

அவர் குனிந்து ஐந்து நட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் மனைவிக்கு முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். "நீ வாம்மா. ஏதாவது ஆடினால் நீதான் முதலில் கண்டுபிடிப்பாய்." என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

மலைக்குப் போய்வர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் நான் எந்தக் காரையும் பார்க்கவில்லை. முறுக்கியாயிற்று, நாலு சக்கரமும் பார்த்தாயிற்று என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் மனசு கேட்கவில்லை. வாசலில் அந்த வண்டியின் மூக்கு தெரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அத்தனை பேர் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கத் தோன்றவில்லை. அவ்வளவு நிம்மதி அதற்கு முன்னும் பின்னும் எனக்குக் கிடைத்ததில்லை.

கடைசியாக இறங்கிய என் மனைவி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"எதுவும் ஆடலீங்க," என்றாள். "மூஞ்சியத் தொடச்சுக்குங்க. கொழந்தைங்க பாக்குது."