நெவென்கா அளந்த காற்றுவழி

நெவென்கா ஸ்தாமென்கோவிச் செய்த பெட்டியை முட்டியால் தட்டினால் கைதான் வலிக்கும், பெட்டி பேசாது. பேச வேண்டியது உள்ளே இருக்கும் ஸ்பீக்கர், பலகை அல்ல என்பாள். லெஸ்கோவாட்ஸ் ஊரில் காரின் பின்பக்கம் அதிர அதிரப் பாட்டுப் போட்டுக்கொண்டு திரியும் ஆண்கள் பலருக்கு, அந்தப் பெட்டியைச் செய்தவள் ஒரு பெண் என்பது வெகுகாலம் தெரியாது. தெரிந்த சிலரும் வெளியே சொல்லவில்லை.

நானும் அவளும் ஒரே மரச்சாமான் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து எந்திரங்களில் பலகை அறுத்தவர்கள். தொழிற்சாலையை வாங்கிய முதலாளி முதலில் எந்திரங்களை விற்றான், பிறகு கூரைத் தகட்டை விற்றான். ஆட்களை வெளியே அனுப்பும்போது பெண்களைத்தான் முதலில் அனுப்பினான். "உங்களுக்குச் சோறு போட வீட்டுக்காரர் இருக்காரு" என்று அதற்கு ஒரு நியாயமும் சொன்னான். அதே வாரம் அவளுடைய வீட்டுக்காரர் திஹோமிரையும் வெளியே தள்ளினான். அவருக்குச் சோறு போட யார் இருக்கிறார்கள் என்று அவன் சொல்லவில்லை.

திஹோமிர் நல்ல மனிதர். ஆணி அடித்தால் விரல் வீங்கும். சந்தைக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகையில் நெவென்கா மரம் அறுக்கும் மேசை போட்டாள். சமையலறை அலமாரி செய்தாள். ஒருநாள் யாரோ கார்ப் பெட்டி கேட்க, அதில் இறங்கினாள். வருகிறவர்கள் அவளைத் தாண்டிப் போய்த் திஹோமிரிடம் அளவு சொல்வார்கள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், அவள் மனதில் குறித்துக்கொள்வாள். போகும்போது "திஹோமிர் மாஸ்டர் கையே கை" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். அவருக்குக் கூச்சத்தில் காது சிவக்கும்.

ப்ராதிஸ்லாவ் வந்த அன்று அவர் ஊரில் இல்லை. ப்ராதிஸ்லாவ், பூரெக் என்ற அடுக்குமாவுப் பலகாரம் விற்கும் கடைக்காரன். மாவு மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குவான். கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை பச்சை குத்தியிருப்பான். 'கோல்ஃப்' வகைப் பழைய சின்னக் காரின் பின் இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பெட்டி வைக்க வேண்டும் என்றான். சந்தைத் திடலில் நடக்கப்போகும் கார் ஒலிப் போட்டிக்கு.

"பெட்டிக்குள்ள இருக்கற காத்து வெளிய வர்றதுக்கு அந்தச் சாக்கடைக் குழாயச் சொருகிடு, அக்கா. எல்லாரும் அதத்தான் போடுறாங்க."

"எல்லாரும் ஏன் போடுறாங்க தெரியுமா? குளியலறை கட்டினதுல மிச்சம் கிடக்குது. அதனாலதான்."

"ஓட்டைன்னா ஓட்டைதானே?"

நெவென்கா ஒரு குழாய்த் துண்டை அவன் வாயருகே கொடுத்து, "ஊது" என்றாள். ஊதினான். பிறகு பேனா மூடியின் துளையைக் காட்டி, "அதே மூச்ச இதுல ஊது." அது கீச்சிட்டது.

"உன் ஸ்பீக்கர் தள்ளுற காத்துக்கு அந்தக் குழாய் பேனா மூடி மாதிரி. பாட்டுக்கு நடுவுல புஸ்ஸு புஸ்ஸுனு சீறும்."

"அப்ப பெருசா வெட்டு. பெரிய ஓட்டை, பெரிய சத்தம். முடிஞ்சுது."

"முடியல தம்பி. வாய அகலமாக்கினா வழிய நீளமாக்கணும். இல்லேன்னா சுருதி மேல ஏறிடும், அடித்தொண்டைச் சத்தம் போயிடும். நீளமாக்கினா உன் பெட்டிக்குள்ள அடங்காது."

"அப்ப என்னதான் செய்வ?"

"மடிப்பேன்."

பக்கப் பலகையை ஒட்டி, பெட்டியின் முழு உயரத்துக்கும் ஒரு நெடிய பிளவு. அது பின்சுவர்வரை போய் மூலையில் திரும்பி மறுபடி ஓடும். கணக்கைக் காகிதத்தில் போட்டாள். ஆனால் காகிதத்தை அவள் தெய்வமாக்கியதில்லை. பிளவுக்குச் சுவராகும் உட்பலகையை ஒட்டாமல் திருகில் நிறுத்தி, ஸ்பீக்கர் மேலே பார்க்கும்படி பெட்டியைக் கிடத்தி, அதன் காகிதக் கூம்பின்மேல் பலகாரத்துக்கு வைத்திருந்த கசகசாவைத் தூவினாள். தாழ்ந்த சுருதியிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏற்றினாள். கசகசா துள்ளியது, துள்ளியது, ஓரிடத்தில் வந்ததும் ஏறக்குறைய அடங்கிவிட்டது. அதே நொடியில் பிளவின் வாயிலிருந்து காற்று குமுறிக்கொண்டு வந்தது. கூம்பு ஓய்ந்து காற்றுவழி உழைக்கும் அந்தச் சுருதிதான் பெட்டியின் சுருதி. அது அவள் நினைத்ததைவிட மேலே இருந்தது. உட்பலகையை நீட்டினாள், மறுபடி தூவினாள். சுருதி இறங்கியது. பிளவின் அகலத்தை ஒரு விரல் குறைத்துப் பார்த்தாள், சீறியது. பழைய அகலத்துக்கே திரும்பினாள். திருப்தியான பிறகுதான் பசை தொட்டாள். நான் கூடவே இருந்து பலகை பிடித்தேன். ஊகத்தில் விட்ட இடம் ஒன்றுகூட இல்லை.

கடைசியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பெட்டியின் முகப்பில் தன் பெயரைச் சுட்டாள். முதல்தடவை.

ப்ராதிஸ்லாவுக்கு முகம் சுருங்கியது. "திடல்ல எல்லாரும் பாப்பாங்களேக்கா. பொம்பள பேரு..."

"பொம்பள கைன்னு உன் பூரெக்க யாராவது தின்னாம போறாங்களா? மாவு பிசையறது உங்கம்மாதானே?"

அவன் தலையைச் சொறிந்தான். "சரி, இருக்கட்டும். ஆனா திடல்ல இது மானத்த வாங்கிச்சுன்னா, உன் கையாலயே அந்தப் பேர ராவிடணும்."

"ராவிடறேன்" என்றாள் நெவென்கா. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை என்று திஹோமிர் பிறகு சொன்னார்.

போட்டி நாளில் திடலைச் சுற்றி மூட்டை மூட்டையாகச் சிவப்பு மிளகாய் விற்றுக்கொண்டிருந்தது. இறைச்சி சுடும் புகை கண்ணைக் கரித்தது. ப்ராதிஸ்லாவ் கார் கதவைத் திறந்துவைத்து, நண்பர்கள் முன்னால் பாட்டைப் போட்டான். நாலு சுவர் தாண்டி யாரோ மெத்தை தட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

"என்னடா இது, காருக்குள்ள மாட்டக் கட்டி வச்சிருக்கியா?" என்றான் ஒருவன். "யாரு செஞ்சது? படி, படி. நெ... வென்... கா! அட, தையல் பெட்டியாடா இது?"

ப்ராதிஸ்லாவின் கழுத்துப் பச்சையெல்லாம் சிவப்பானது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கத்தினான். "அக்கா! உப்புத்தாள எடுத்துட்டு வா! நேத்து வரைக்கும் கர்ஜிச்சுது, இன்னிக்குச் செத்துப் போச்சு. உன் வேலை ஒரு வாரம்கூடத் தாங்கல!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நெவென்கா காருக்குள் மண்டியிட்டாள். கூம்பை விரலால் மெல்ல அழுத்தினாள், சரியாக இருந்தது. கம்பிகளைப் பார்த்தாள், சரியாக இருந்தன. பிளவின் வாயில் உள்ளங்கையை வைத்து, "போடு" என்றாள். காற்று வரவில்லை. முழங்கைவரை உள்ளே விட்டாள். எதையோ பிடித்து இழுத்தாள். ஒரு கம்பளிக் கை வந்தது. பிறகு மார்பு வந்தது, இன்னொரு கை வந்தது. பச்சை நிறத்தில், மான் படம் பின்னிய ஒரு ஸ்வெட்டர்.

"இது யாரோடது?"

ப்ராதிஸ்லாவ் பிடரியைத் தடவிக்கொண்டான்.

"வாயத் தொற."

"ஓட்டுறப்ப பின்னாடியிருந்து குபுக்கு குபுக்குனு காத்து வருதுக்கா. பிடரியில அடிக்குது. குறுக்குக்காத்து! எங்க மாமாவுக்கு வாய் கோணிக்கிட்டது அதாலதான். கழுத்தையும் காப்பாத்திக்கணும்ல? சும்மா கொஞ்சூண்டுதான் அடைச்சேன்."

எங்கள் ஊரில் நாற்பது டிகிரி வெயிலில் பேருந்து ஜன்னலைத் திறந்தால் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பல்வலியிலிருந்து மலட்டுத்தனம் வரைக்கும் குறுக்குக்காற்றின் கணக்கில் எழுதிவைத்திருக்கிற ஊர் இது. முதலாளி கூரையைப் பிரித்துக்கொண்டு போனபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் மட்டும் ஊரே எழுந்து நிற்கும். மூடநம்பிக்கை யாரையும் கடிக்காத பூனை என்று சொல்கிறவர்கள், அது அன்று ஒருத்தியின் பெயரை ராவப் பார்த்ததை நினைத்துக்கொள்ளட்டும்.

நெவென்கா கோபப்படவில்லை. ஸ்வெட்டரை உதறி மடித்தாள்.

"குறுக்குக்காத்துக்கு எத்தன வாசல் வேணும்?"

"ரெண்டு. ஒண்ணுல நுழைஞ்சு இன்னொண்ணுல போகும்."

"என் பெட்டியில எத்தன இருக்கு?"

அவன் குனிந்து பார்த்தான். சுற்றிப் போய்ப் பார்த்தான். "...ஒண்ணு."

"போன காத்தேதான் திரும்பி வருது. இதுல எங்கடா குறுக்கு?"

மாட்டைப் பற்றிக் கேட்டவன்தான் முதலில் வெடித்துச் சிரித்தான். ப்ராதிஸ்லாவும் சிரித்தான். ஆனாலும் ஸ்வெட்டரை வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் காரில் உட்கார்ந்தான்.

கண்ணாடிகளை ஏற்றி, நடுவர் அளவுக் கருவியை உள்ளே பொருத்தினார். பாட்டின் முதல் அடி விழுந்ததும் காரின் கூரைத் தகடு நீர்ப்பரப்புபோல நடுங்கியது. பக்கத்துக் கடையில் அடுக்கியிருந்த மிளகாய்க் குவியல் சரிந்தது. புஸ் என்றொரு சீறல் இல்லை. அடித்தொண்டை முழுசாக ஒலித்தது. ஒற்றை ஸ்பீக்கர் பிரிவில், நீஷ் நகரத்திலிருந்து வந்த கடைப் பெட்டிகளுக்கும் மேலே போய் நின்றது அளவு.

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். "முதல் இடம், ப்ராதிஸ்லாவ்! பெட்டி, திஹோமிர் மாஸ்டர்!"

இறைச்சிக்கு வரிசையில் நின்ற திஹோமிர் தட்டோடு திரும்பிக் கத்தினார். வாழ்நாளில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "யோவ்! எனக்கு ரம்பத்துல பல்லு எந்தப் பக்கம்னே தெரியாது! பெட்டியில பேரு போட்டிருக்கு, படிக்கத் தெரியாதா?"

அறிவிப்பாளர் தடுமாறினார். "மன்னிக்கணும். பெட்டி, திஹோமிரோட சம்சாரம்..."

நெவென்கா மேடைக்குப் போனாள். ஓடவில்லை, பலகை எடுக்கப் போவதுபோல நடந்தாள். அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"நெவென்கா ஸ்தாமென்கோவிச்" என்றாள். "அளந்தது, அறுத்தது, ஒட்டினது எல்லாம் நான். சந்தைக்குப் பின்னால பச்சைக் கதவு. பெட்டி வேணும்னா வாங்க. வந்து என்கிட்ட பேசுங்க."