நெற்றி தொட்ட மணல்

சில வருடங்களாகவே நஃபீசா நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதாள். முழங்கால்கள் மடங்கவில்லை. வலியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். தொழுகையில் நெற்றி தரையைத் தொடாமல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதனால் இந்தக் கோடையில், சீவா பாலைவனச் சோலையின் மூட்டுவலிக்காரர்கள் எல்லோரையும் போல அவளும் தக்ரூர் மலையடிக்குப் போய்ச் சுடுமணல் குழியில் படுத்தாள். பெண்களுக்கு மணல் போடும் மன்சூரா அவளைக் கழுத்துவரை மூடினாள்.

"அசையாதீங்க அத்தை. எழுந்திருக்கும்போது புதுப்பொண்ணு மாதிரி நடப்பீங்க."

"ஒரு தடவை புதுப்பொண்ணா இருந்து பட்டதே போதும்டி."

மணலுக்குள் தன் இதயம் அடிப்பது நஃபீசாவுக்குக் கேட்டது. பூமியே அடித்துக்கொள்வது போலிருந்தது.

நேரமானதும் மன்சூரா மணலைத் தள்ளிவிட்டுக் கம்பளியோடு காத்து நின்றாள். மணலிலிருந்து எழுபவர்கள் மேல் காற்று படக்கூடாது. பட்டால் வலி இரட்டிப்பாகும் என்பார்கள். எழ முயன்ற நஃபீசா நிலைதடுமாறி முழங்காலில் விழுந்தாள். வலிக்கப்போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் வெந்த மணல் முழங்கால்களுக்குக் கீழே மெத்தென்று இறங்கி இடம் கொடுத்தது. அவள் மெல்லக் குனிந்தாள். நெற்றி மணலைத் தொட்டது.

"அத்தை, மயக்கமா? காத்து வருது, எழுந்திருங்க."

"கொஞ்சம் பொறுடி. வந்த வேலை இப்பத்தான் நடக்குது."

மன்சூரா காற்று வந்த பக்கமாகப் போய், கம்பளியை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி, நஃபீசா தலை நிமிரும்வரை நின்றாள்.