பீரோவுக்குள் ஒரு பந்து

நேற்றும் கால்பந்தில் இந்தியா தோற்றது. இத்தனை கோடிப் பேரில் பதினோரு பேர் தேறவில்லையா என்று டிவியில் ஒருவர் அங்கலாய்த்தார். அவரைக் கல்வராயன் மலைக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டும். அங்கே ஒரு பள்ளியில் நான் பி.டி. வாத்தியாராக இருந்தேன். பள்ளிக்கு வந்த ஒரே கால்பந்தைத் தலைமையாசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"பசங்க உதைச்சா பிஞ்சிடும் சார். அப்பறம் இன்ஸ்பெக்‌ஷன்ல இன்னாத்த காட்றது?" என்றார்.

மூன்று வருடம் பிள்ளைகள் பிளாஸ்டிக் பாட்டிலைத்தான் உதைத்தார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி பந்தை உருட்டிப் பார்த்து, "புத்தம் புதுசா வச்சிருக்கீங்களே" என்று தலைமையாசிரியரைப் பாராட்டினார். எல்லோரையும் கைதட்டச் சொன்னார்கள். வெட்கங்கெட்டு நானும் தட்டினேன். அன்றுதான் அந்தப் பந்தைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளும் தட்டினார்கள்.